ஓணாண்டியின் இடது கை

பதினாறு வருடமாக என் வேலை, ஓர் ஓணான் நேற்று சொன்னதையும் இன்று சொல்வதையும் ஒத்துப்பார்ப்பது. கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். என் மாமியார் கடைசி வரைக்கும் சொந்தக்காரர்களிடம், "செண்பகம் கம்ப்யூட்டர் கம்பெனில இருக்கா" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் திருத்தவில்லை.

ஓணாண்டி ஒரு கார்ட்டூன். ஒரு பள்ளிக்கூடத்துக் காம்பவுண்டு சுவரில் குடியிருப்பவன், வாய்ச்சவடால் பேர்வழி. பருந்தோடு மல்லுக்கட்டியதாகக் கதை விடுவான், பட்டாம்பூச்சி பக்கத்தில் வந்தால் செங்கல் சந்துக்குள் ஒளிந்துகொள்வான். பொய் சொல்லாமல் அவனால் அரை மணி நேரம் இருக்க முடியாது. ஆனால் ஒவ்வொரு பொய்க்கும் கழுத்து சிவந்துவிடும், தலை தானாக ஆடும். மாட்டிக்கொள்வான். மாட்டிக்கொண்ட பிறகு அசடு வழிந்தபடி உண்மையைச் சொல்வான், அந்த உண்மை எப்போதும் அவன் பொய்யை விடக் கொஞ்சம் சோகமாக இருக்கும். ஓணானைக் கண்டாலே கல்லைத் தேடுகிற பிள்ளைகள், இவன் வந்த பிறகு கொஞ்சம் கையைக் கட்டிக்கொண்டார்கள்.

ஈக்காட்டுத்தாங்கலில் இருந்த எங்கள் 'சுவர்' ஸ்டூடியோவில் அவனைப் பற்றிய நோட்டு என் பொறுப்பு. கறிவேப்பிலை வாசம் ஆகாது, எபிசோடு முப்பத்தொன்று. நீச்சல் தெரியாது, தெரியும் என்பான், எபிசோடு ஐம்பத்தெட்டு. அம்மாவைப் பற்றிக் கேட்டால் வாலைப் பார்ப்பான், எபிசோடு நூற்றுப் பன்னிரண்டு. எழுதுகிறவர்கள் எத்தனை பேர் மாறினாலும் ஓணாண்டி மாறக் கூடாது, அதற்குத்தான் நான்.

மூன்று வருடத்துக்கு முன்னால், தானே கதை எழுதி வரைகிற கம்ப்யூட்டர் எஞ்சின் வந்தது. நானூற்றுப் பன்னிரண்டு எபிசோடையும் என் நோட்டையும் அதற்குப் படிக்கக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு கதை எழுதவும் ஆள் வேண்டியிருக்கவில்லை, படம் வரையவும் ஆள் வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு வீட்டுச் சுவர்த்திரையிலும் ஓர் ஓணாண்டி வந்து உட்கார்ந்தான். அந்த வீட்டுக் குழந்தையின் முகத்தைப் பார்ப்பான், பேசுவான், நேற்று விட்ட இடத்திலிருந்து தொடர்வான். பதினொரு லட்சம் வீடுகள், பதினொரு லட்சம் ஓணாண்டிகள்.

என் வேலை மட்டும் போகவில்லை, கனம் கூடிவிட்டது. நோட்டில் நான் ஒரு வரி எழுதினால் ஒரு நாளில் அது பதினொரு லட்சம் வீட்டிலும் உண்மை ஆகிவிடும். கறிவேப்பிலை பிடிக்கும் என்று திருத்தினால் எல்லா ஓணாண்டியும் கறிவேப்பிலை மெல்லத் தொடங்குவான். பிடிக்காது என்று அவன் முன்பு சொன்னது குழந்தைக்குத்தான் நினைவிருக்கும், அவனுக்கு இருக்காது.

அர்ஷத் ஒரு திங்கட்கிழமை என் மேசைக்கு வந்தான். ஆம்பூர்ப் பையன், எஞ்சினைப் பார்த்துக்கொள்பவன், எதையும் குரல் உயர்த்தாமல் சொல்வான். குழந்தைகள் ஓணாண்டியிடம் அதிகம் கேட்கிற கேள்வி எது தெரியுமா என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. 'பின்னாடி என்ன வச்சிருக்க?' என்பதுதான் அது.

"அக்கா, அவன் இடது கை எப்பவும் முதுகுக்குப் பின்னாலயே இருக்கு. எல்லா எபிசோடும் பார்த்துட்டேன். நோட்டுல இடது கைன்னு ஒரு வரிகூட இல்லையே."

எனக்குச் சுருக்கென்றது. கறிவேப்பிலைக்கு எபிசோடு நம்பர் வைத்திருந்தவள், கண்ணெதிரே இருந்த ஒரு கையைப் பார்க்கவில்லை. முதல் படத்திலிருந்தே அப்படி நின்றதால் அது எனக்கு அவன் வாலைப் போல, மூக்கைப் போல ஆகியிருந்தது.

முதல் படத்தை வரைந்தவர் பாக்கியநாதன். ஓய்வு பெற்று மகள் வீட்டில் இருக்கிறார். போன் போட்டுக் கேட்டேன், இருமல் வரும் வரை சிரித்தார். "ரெண்டு கையும் ஆட்டணும்னா எபிசோடுக்கு எண்ணூறு படம் கூட வரையணும். நாங்க நாலு பேரு. ஒரு கையை முதுகுக்குப் பின்னால தள்ளிட்டேன். கொடுக்கல் வாங்கலுக்கு வலது கை வேணுமேன்னு இடதைத் தள்ளினேன். அவ்வளவுதாம்மா, அதுல ஒரு ரகசியமும் கிடையாது."

சோம்பல் என்று சொல்ல மாட்டேன், நாலு பேருக்கு முதுகு ஒடிகிற வேலை. ஆனால் அந்த ஒடிந்த முதுகிலிருந்துதான் நாடு முழுக்கப் பிள்ளைகளுக்கு ஒரு மர்மம் பிறந்திருந்தது. கேட்டால் ஓணாண்டி பேச்சை மாற்றுவானாம். ஒரு வீட்டில் மழையைப் பற்றிப் பேசுவான், ஒரு வீட்டில் பாட்டுப் பாடுவான். பிள்ளைகள் மறுநாள் பள்ளியில் ஒருவருக்கொருவர் சொல்லிச் சண்டை போட்டார்கள். சாக்லெட் என்றது ஒன்று, செத்துப்போன நண்பனின் வால் என்றது இன்னொன்று. பெற்றோர் புகார் வேறு.

தொடரின் தலைவர் ரகோத்தமன் மீட்டிங் போட்டார். அவர் கெட்டவர் இல்லை. கணக்கு வாத்தியார் மகன், கேள்வி என்று ஒன்று இருந்தால் விடை இருந்தாக வேண்டும் அவருக்கு. வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் ஓணாண்டி கையைக் காட்டுவான் என்று முடிவாயிற்று. 'கை திறக்கும் நாள்' என்று விளம்பரமும் போய்விட்டது. கையில் என்ன என்பதுதான் பாக்கி. மந்திர மோதிரம் என்றார் ரகோத்தமன், பொம்மையாகவும் செய்யலாம். ஒரு விதை என்றது கதைக் குழுவில் மிஞ்சியிருந்த ஒரு குரல். வியாழன் மாலைக்குள் நான் நோட்டில் ஒரே ஒரு வரி எழுத வேண்டும். எனக்கு விதை பரவாயில்லை என்று பட்டது. அத்தோடு விட்டிருப்பேன்.

புதன் காலை ஒரு குரல்செய்தி வந்தது. ராயபுரத்திலிருந்து பிலோமினா என்று ஒரு பெண். அழவில்லை, மூச்சு மட்டும் வாங்கியது. அவள் மகள் ஜோவிதாவுக்கு ஒன்பது வயது. நான்கு மாதத்துக்கு முன் அம்மாவின் கரும்பு ஜூஸ் கடையில் மெஷினுக்குள் கரும்பைக் கொடுத்தபோது இடது கையின் இரண்டு விரல்கள் போய்விட்டன. அன்றிலிருந்து அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் வைத்தபடியே இருக்கிறாள். பள்ளிக்கூடம் போகவில்லை, அம்மாவிடம் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை. ஓணாண்டியிடம் மட்டும் பேசுகிறாள்.

"வெள்ளிக்கிழமை கையைக் காட்டப்போறானாமே மேடம். அவனுக்கும் ரெண்டு விரல் இல்லன்னு எழுதிடுங்க. வேற எதாச்சும் எழுதிட்டீங்கன்னா அவளுக்கு அவனும் இல்லாமப் போயிடுவான்."

மூன்று தடவை கேட்டேன். பிறகு மெட்ரோ ஏறினேன். யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் போகாதே என்பார்கள் என்று தெரியும்.

கடையில் கரும்பு மெஷின் இல்லை. அது இருந்த இடத்தில் சிமெண்டுத் தரை மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. பிலோமினா இப்போது நன்னாரி சர்பத் விற்கிறாள். என்னைப் பின்னால் இருந்த வீட்டுக்குள் அழைத்துப் போனபோது, "அன்னைக்கு நான்தான் அவளைக் கடைக்குக் கூப்பிட்டேன், கூட்டம் ஜாஸ்தியா இருந்துச்சு" என்று இரண்டு முறை சொன்னாள். நான் கேட்கவே இல்லை.

ஜோவிதா சுவரில் சாய்ந்து நின்றாள், ஓணாண்டி நிற்பதைப் போலவே. நான் யார் என்று சொன்னேன். அவள் முதலில் கேட்டது, எபிசோடு தொண்ணூறில் அவன் உண்மையிலேயே கிணற்றில் விழுந்தானா இல்லையா என்பது. விழவில்லை, விழுந்ததாகச் சொன்னான் என்றேன். எனக்குத் தெரியும் என்று தலையாட்டினாள்.

அவனை ஏன் பிடிக்கும் என்று கேட்டேன். அசட்டுக் கேள்வி, பதினாறு வருடமாக எல்லா மீட்டிங்கிலும் கேட்ட கேள்வி. அங்கெல்லாம் வீரம், நகைச்சுவை, நல்ல பண்பு என்று பலகையில் எழுதுவோம்.

ஜோவிதா சுவரை விட்டு நகராமலே சொன்னாள். "மத்த கார்ட்டூன் எல்லாம் என்னைப் பார்த்ததும், நீ தைரியசாலி, நீ அழகு, உன்னால முடியும்னு சொல்லுது ஆன்ட்டி. ஆஸ்பத்திரில நர்ஸ் பேசற மாதிரியே. இவன் அப்படிப் பேச மாட்டான். இவனே பயந்தாங்கொள்ளி. எங்கிட்ட வந்து புளுகுவான், நான் கண்டுபிடிச்சிடுவேன். அப்புறம் அவனுக்கு வெக்கமாயிடும், நான்தான் பரவால்லடான்னு சொல்லணும்."

"அவன் கையைப் பத்திப் பேசுவீங்களா?"

"இல்ல. நான் கேட்டதில்ல. அவனும் என்னைக் கேட்டதில்ல."

கதவருகில் நின்ற பிலோமினா தலை குனிந்துகொண்டாள். அவனுக்கும் இரண்டு விரல் இல்லை என்று மகள் நம்புகிறாள் என்பது அம்மாவின் கற்பனை. மகளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. வீட்டுக்கு வருகிறவர், போகிறவர், டாக்டர், டீச்சர், சர்ச் அக்கா எல்லோரும் காட்டு காட்டு என்று கேட்கும்போது, கேட்காத ஓர் ஆள்.

வெள்ளிக்கிழமை அவன் காட்டப்போகிறானாமே என்று நானே மெதுவாகச் சொன்னேன். ஜோவிதாவின் முகம் மூடிக்கொண்டது. "அவனா காட்டறானா, நீங்க காட்ட வைக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். வெட்கமாக இருந்தது.

மறுநாள் அர்ஷத்தைக் காபி குடிக்கக் கூட்டிப்போனேன். கையைப் பற்றிக் கேட்டால் ஓணாண்டியின் கழுத்து சிவக்கிறதா என்று விசாரித்தேன்.

"சிவக்கல அக்கா. அவன் பொய் சொல்லலியே, பேச்சைத்தானே மாத்தறான். கழுத்து நிறத்தை நாம சொல்லிக்குடுக்கறதில்ல. அவன் மனசுல ஒண்ணை உண்மைன்னு வச்சிருப்பான், வாயில வேற வரும். ரெண்டுக்கும் எவ்வளவு தூரமோ அவ்வளவு சிவப்பு. அது ஒண்ணை மட்டும் அவனால மறைக்க முடியாது."

"மனசுன்னா சொல்ற?"

"வேற வார்த்தை எனக்குத் தெரியல."

"அப்ப கை விஷயத்துல அவன் மனசுல எதாவது இருக்கா, இல்ல காலியா?"

"அவனே வாயைத் தொறந்தாதான் தெரியும்" என்றான் அர்ஷத். பிறகு என் முகத்தைப் பார்த்து, "என்ன எழுதப்போறீங்க?" என்று கேட்டான்.

காபிக்குக் காசு கொடுத்துவிட்டு எழுந்தேன். நாலு மணிக்கு நோட்டைத் திறந்தேன். மோதிரம் என்று எழுதினால் ரகோத்தமனுக்குச் சந்தோஷம். இரண்டு விரல் இல்லை என்று எழுதினால் ஓர் அம்மாவின் மனசு ஆறும், ஆனால் மற்ற வீடுகளில் அது வேடிக்கை பார்க்கிற பொருளாகிவிடும். அடுத்த வாரமே பிள்ளைகள் ஜோவிதாவைப் பார்த்து ஓணாண்டி என்று கூப்பிடுவார்கள். நான் எழுதிய வரி இது: இடது கை, அது அவனுடைய விஷயம்.

என் வேலை போகும் என்று தெரிந்துதான் எழுதினேன். பெரிய தியாகம் என்று நினைக்க வேண்டாம், பத்து நிமிடம் கழித்து அழித்துவிடலாமா என்றும் யோசித்தேன். சேமித்த வரியை ஒரு நாளைக்குத் திருத்த முடியாது என்பது நல்லதாகப் போயிற்று.

வெள்ளிக்கிழமை மாலை ஸ்டூடியோவில் ஜாங்கிரி வாங்கி வைத்திருந்தார்கள். ஆறு மணிக்குப் பெரிய திரையில் ஓணாண்டி சுவர் மேல் ஏறி நின்றான். பறை அடித்தார்கள், நட்சத்திரம் சிதறியது, எல்லாம் ஏற்பாடு. அவன் இரண்டு முறை தலையை ஆட்டினான்.

"இது என்னோட கை," என்றான். "காட்ட இஷ்டமில்ல. வேற எதாவது பேசலாமா?"

கழுத்து பழுப்பாகவே இருந்தது. நானூற்றுப் பன்னிரண்டு எபிசோடில் இத்தனை பேருக்கு முன்னால் நின்று அவன் பயப்படாமல் சொன்ன முதல் உண்மை அதுதான். 

ரகோத்தமன் நாற்காலியில் உட்கார்ந்தார். போன்கள் ஒலிக்க ஆரம்பித்தன. யார் எழுதியது என்று அவர் கேட்க வேண்டியிருக்கவில்லை, நானே போய் நின்றேன். கத்தவில்லை அவர். திங்கட்கிழமை நோட்டைத் திறக்கும் சாவியைக் கொடுத்துவிடுங்கள் என்று மட்டும் சொன்னார். மோதிரத்தைத் தானே எழுதிக்கொள்வதாகவும் சொன்னார்.

ஞாயிறு காலை அர்ஷத் போன் செய்தான். எந்த ஒரு குழந்தையின் பேச்சையும் எங்களால் கேட்க முடியாது, எல்லா வீட்டையும் சேர்த்த கணக்கு மட்டும்தான் வரும், சட்டம் அப்படி. எஞ்சின் புதிதாக ஏதாவது வரைந்தால் அந்தப் படம் மட்டும் கோளாறு பார்க்க எங்களுக்கு வரும், எந்த வீடு என்று தெரியாது. வெள்ளி மாலை பதினொரு லட்சம் வீட்டிலும் ஓணாண்டி கையைக் காட்ட மறுத்திருக்கிறான், ஒரே ஒரு வீட்டைத் தவிர. அங்கே ஆறே முக்காலுக்கு இடது கையை வெளியே எடுத்திருக்கிறான்.

"மூணு விரல் அக்கா. இவன் இடது கையை யாருமே எப்பவும் வரைஞ்சதில்ல, எஞ்சினுக்கு மாதிரி கிடையாது. கேமராவுல எந்த இடது கையைப் பார்த்துச்சோ அதையே வரைஞ்சிருக்கு, வேற ஒண்ணுமில்ல. படம் மொத்தமும் எனக்கு வரல, கை மட்டும்தான் வந்தது."

வேற ஒண்ணுமில்லையா என்று நானும் நினைத்துக்கொண்டு மறுபடி மெட்ரோ ஏறினேன்.

சர்ச்சில் பூசை முடிந்து கடை திறந்திருந்தது. ஜோவிதா கடையிலேயே, ஐஸ்பெட்டி மேல் உட்கார்ந்திருந்தாள். நான் எதுவும் கேட்பதாக இல்லை. அவளே ஆரம்பித்தாள். வெள்ளிக்கிழமை அவன் காட்ட மாட்டேன் என்றதும் வகுப்புக் குரூப்பில் எல்லோரும் அவனைத் திட்டினார்களாம், ஏமாற்றுக்காரன், இனி பார்க்க மாட்டோம் என்று. அவளுக்குப் பாவமாகிவிட்டது. நீ காட்ட வேண்டாம்டா, யார் கேட்டாலும் காட்டாதே என்று அவனிடம் சொன்னாளாம். அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டே இருந்தானாம். அதனால், வேணும்னா நான் காட்டறேன், நீ சும்மா இரு என்று தன் கையை எடுத்துத் திரைக்கு நேராக நீட்டினாளாம்.

அம்மா பாட்டிலைத் துடைப்பதை நிறுத்திவிட்டாள். அவளும் இதை இப்போதுதான் கேட்கிறாள் என்று தெரிந்தது.

"அப்புறம் அவனும் கையை எடுத்தான் ஆன்ட்டி. பார்த்தா என்னுது மாதிரியே மூணு விரல். எனக்கும் அப்படித்தான்னான்." ஜோவிதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆனா கழுத்து செக்கச்செவேல்னு ஆயிடுச்சு. தலை வேற ஆடுது. எனக்காகப் புளுகறான். அதைக்கூட ஒழுங்கா புளுகத் தெரியல அவனுக்கு."

எனக்கு அர்ஷத் சொன்ன கணக்கு நினைவுக்கு வந்தது. மனசில் ஒன்று, வாயில் வேறு, இடையில் இருக்கிற தூரம்தான் சிவப்பு. அப்படியானால் அவனுக்கு ஒரு கை இருக்கிறது. பாக்கியநாதன் வரையாத, நான் எழுதாத, எஞ்சினுக்கு யாரும் கொடுக்காத ஒரு கை எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அதைக் காட்டாமல், ஒரு பெண் தனியாகக் கை நீட்டிக்கொண்டு நிற்கக் கூடாதே என்று பொய்க் கையை நீட்டியிருக்கிறான். அப்படி ஒரு மனசை எந்தப் பலகையில் எந்த வார்த்தையில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

"அப்ப அவன் கை நிஜமா எப்படி இருக்கும்னு கேட்டியா?"

"எதுக்கு? இஷ்டம்னா சொல்வான்."

இதைக் கேட்டபோது நான் திங்கட்கிழமை வரப்போகும் மோதிரத்தை நினைத்துக் கொஞ்சம் கலங்கித்தான் போனேன். ஆனால் மோதிரம் வரவில்லை. அந்தச் சனி, ஞாயிறில் குழந்தைகள் ஓணாண்டியோடு பேசிய நேரம் அதுவரை இல்லாத அளவுக்கு ஏறியிருந்தது. கேட்பதை விட்டுவிட்டு மன்னிப்புக் கேட்டவர்கள் பலராம். ரகோத்தமன் அதைப் பார்த்துவிட்டு வரியைத் தொடவில்லை, சாவியை மட்டும் வாங்கிக்கொண்டார். வரி தங்கியது, நான் தங்கவில்லை. இதெல்லாம் மறுநாள் கதை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிலோமினா எனக்கொரு நன்னாரி சர்பத் போட்டாள். எலுமிச்சை பிழிந்து, சப்ஜா விதை போட்டு, கிளாஸை மகளிடம் கொடுத்தாள். ஜோவிதா ஐஸ்பெட்டியிலிருந்து குதித்து வந்து என்னிடம் நீட்டினாள். வலது கையில் துடைக்கிற துணி இருந்தது, அதனால் நீட்டியது இடது கை. மூன்று விரலும் கிளாஸைக் கெட்டியாகப் பிடித்திருந்தன.

"ஏய், சோத்தாங்கையால குடுடி, பெரியவங்களுக்கு" என்று அதட்டினாள் பிலோமினா. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான்கு மாதமாக அந்த வீட்டில் யாரும் அந்தப் பெண்ணை எதற்கும் அதட்டியிருக்க மாட்டார்கள்.

ஜோவிதா சலித்துக்கொண்டே கிளாஸை வலது கைக்கு மாற்றி, சாரி ஆன்ட்டி என்று கொடுத்தாள். இடது கை முதுகுப் பக்கம் போகவில்லை. அது பாட்டுக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.